பழங்குடி மக்களோடு சேர்ந்து சேகரித்த தரவை முழுசாகப் பொதுவில் போடச் சொல்கிறார்கள், என்ன செய்யலாம்?

கேட்டவர்: ஆற்றுமீன்

ஒரு ஆற்றுப்படுகை ஆய்வில் டேட்டா முழுக்க என் பொறுப்பு. நீரின் வெப்பநிலை, மீன் கணக்கெடுப்பு, அப்புறம் தண்ணீரிலிருந்து எடுத்த மரபணு மாதிரிகள். இதில் பெரும்பகுதி அங்கேயே வாழும் பழங்குடி மக்கள் கையில் ஜிபிஎஸ் கருவியோடு போய்ப் பதிந்து வந்தது. மீன்கள் முட்டையிடும் இடங்களை அவர்கள் காட்டாமல் எங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. இப்போது கட்டுரை தயார். நிதி கொடுத்த அமைப்பு எல்லாத் தரவையும் திறந்த களஞ்சியத்தில் ஏற்றச் சொல்கிறது, சமூகத்தின் குழுவோ அந்த இடங்கள் வெளியே போகவே கூடாது என்கிறது. ஒப்பந்தத்தில் "தரவு உரிய முறையில் பகிரப்படும்" என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, அதையே இரண்டு பக்கமும் தங்களுக்குச் சாதகமாகக் காட்டுகிறார்கள். ஜிபிஎஸ் புள்ளிகளைப் பத்து கிலோமீட்டர் கட்டங்களாக மாற்றிப் போட்டுவிடலாம் என்கிறார் திட்டத் தலைவர். அது போதுமா?

கட்டக்கோடு

போதாது. காட்டு விலங்கு என்றால்கூடப் பரவாயில்லை, இது ஆறு. பத்து கிலோமீட்டர் கட்டத்துக்குள் ஓடுவது ஒரே ஒரு ஆறாக இருந்தால், பக்கத்துப் பத்தியில் நீங்கள் போட்டிருக்கும் ஆழம், வெப்பநிலை, அடிமண் வகை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிற எவரும் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இடத்தைக் குறுக்கிவிடுவார்கள். இதைவிடச் சாதாரணமான ஓட்டைகளும் உண்டு: போட்டோ கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் இடக்குறிப்பு, கோப்புப் பெயரில் இருக்கும் ஊர்ப்பெயர், "குறிப்பு" பத்தியில் யாரோ அவசரத்தில் எழுதிய "வளைவுக்குக் கீழே பெரிய பாறை". கட்டுரையோடு வாழிட வரைபடம் போடுகிறீர்களா? அதுவே காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஒரு தடவை வெளியிட்டால் திரும்பப் பெற முடியாது. நீங்கள் களஞ்சியத்திலிருந்து எடுத்தாலும், இறக்கி வைத்தவர்களுக்குக் கொடுத்த அனுமதி அப்படியேதான் இருக்கும்.

ஆகவே பிரித்துப் போடுங்கள். என்ன அளந்தோம், எப்போது, எந்த முறையில் என்ற விவரக் கோப்பு எல்லோருக்கும். இடம் காட்டும் கோப்பு பூட்டில், யார் கேட்டாலும் முடிவு சமூகக் குழுவுடையது. அறிவியல் தரவை எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லும், 2016இல் வந்த ஃபேர் நெறிகள்கூட எல்லாவற்றையும் திறந்து வைக்கச் சொல்லவில்லை. தரவு இருப்பது தெரிய வேண்டும், எந்த நிபந்தனையில் கிடைக்கும் என்பது தெளிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நிதி அமைப்பின் விதிகளைக் கடைசிப் பக்கம்வரை படியுங்கள், விதிவிலக்கு கேட்க பெரும்பாலும் ஒரு வழி இருக்கும்.

மறுகேள்வி

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் கேட்கிறேன். பொதுப்பணத்தில் நடந்த ஆய்வு இது. தரவைப் பார்க்க முடியாவிட்டால் முடிவு சரியா தவறா என்று யார் சோதிப்பது? நாளைக்கு அங்கே அணை கட்ட வருகிறவன் "இங்கே மீன் முட்டையிடுகிறது என்பதற்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்டால், பூட்டி வைத்த கோப்பு யாருக்கு உதவும்?

பனிவரி

அணை பற்றி நீங்கள் சொல்வது நியாயம்தான், அதற்கு நல்ல முன்னுதாரணமே இருக்கிறது. 1970களில் கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் இனூயிட் மக்கள் எங்கெல்லாம் வேட்டையாடினார்கள், எந்தப் பனிப்பாதையில் போனார்கள் என்று அவர்களிடமே கேட்டு வரைபடங்கள் வரைந்தார்கள், 1976இல் அது வெளிவந்தது. நிலவுரிமைப் பேச்சுவார்த்தையில் அது பெரிய ஆதாரமாக நின்றது. 1999இல் இனூயிட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் நூனவுட் பிரதேசம் உருவானதற்குப் பின்னால் அந்தப் பேச்சுவார்த்தைதான் இருக்கிறது. ஆனால் கவனியுங்கள், அந்த வரைபடத்தை எடுத்து மேசையில் வைத்தது அவர்கள், எதற்காக வைக்கிறோம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தரவு பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதைவிட சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் இங்கே விஷயம். இன்றைக்கு அதே மக்கள் பனி, வேட்டை பற்றிப் பதிந்து பகிரப் பயன்படுத்தும் சிக்கு செயலியில்கூட, போடுகிற பதிவை யார் பார்க்கலாம் என்பதைப் போடுகிறவரே தீர்மானிக்கிறார்.

சோதிப்பது பற்றி: பூட்டிய கோப்பையும் சோதிக்கலாம். கட்டுரையை மதிப்பாய்வு செய்பவர் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் பார்க்கட்டும், மருத்துவத் தரவில் தினமும் நடப்பதுதானே.

உங்கள் ஆற்றுப்படுகை மக்கள் ஏன் இவ்வளவு சந்தேகப்படுகிறார்கள் என்று கேட்டால், அமெரிக்காவின் ஹவசுபாய் பழங்குடி மக்கள் தொடுத்த வழக்கைப் படித்துப் பாருங்கள். அரிசோனாவில் 1990களின் தொடக்கத்தில் நீரிழிவு ஆய்வுக்கென்று நம்பி ரத்தம் கொடுத்தார்கள். அதே மாதிரிகளை மனச்சிதைவு பற்றிய ஆய்வுக்கும், அவர்களின் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆய்வுக்கும் பயன்படுத்தினார்கள். வழக்கு 2010இல் சமரசமாக முடிந்து, 7 லட்சம் டாலரும் மிச்சமிருந்த மாதிரிகளும் திரும்பக் கிடைத்தன. கனடாவின் முதல் குடிகள் 1998லேயே தங்களைப் பற்றிய தரவுக்கு உரிமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் என்ற நான்கையும் முன்வைத்துவிட்டார்கள். பழங்குடி மக்களின் தரவுக்கென்று 2019இல் வந்த கேர் நெறிகள் (கூட்டு நன்மை, கட்டுப்படுத்தும் அதிகாரம், பொறுப்பு, அறம்) ஃபேரை மறுக்கவில்லை, அதில் விடுபட்டதைத்தான் சேர்க்கின்றன. முதல் குடிகள் சொன்ன நான்கில் ஆய்வாளர்கள் வசதியாக மறப்பது "கைவசம்". தரவு உங்கள் பல்கலைக்கழக சர்வரில் இருக்கும்வரை மற்ற மூன்றும் காகிதத்தில்தான். அவர்களிடம் ஒரு பிரதி இருக்கிறதா? அதைத் திறந்து பார்க்க ஆளும் கணினியும், அந்த ஆளுக்குச் சம்பளமும் இருக்கிறதா?

வேர்முனை

ஒரு சின்னக் கேள்வி. "சமூகத்தின் குழு" என்கிறீர்களே, இடத்தைக் காட்டியவர்கள் அந்தக் குழுவில் இருக்கிறார்களா? ஒரு இடம் பற்றிய அறிவு ஒரு குடும்பத்துக்கோ குறிப்பிட்ட பெரியவர்களுக்கோ மட்டும் உரியதாக இருக்கலாம். குழுத் தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

ஆற்றுமீன்

எல்லோருக்கும் நன்றி. போட்டோக்களைப் பார்த்தேன், எல்லாவற்றிலும் இடக்குறிப்பு இருக்கிறது. குழுவிடமும் காட்டியவர்களிடமும் சேர்ந்தே பேசப் போகிறோம். மரபணு மாதிரிகள் மட்டும் இன்னொரு ஆய்வகத்தின் ஃப்ரீசரில் இருக்கின்றன. அவற்றுக்கு என்ன செய்ய?

பனிவரி

அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். 2010இன் நகோயா நெறிமுறை என்ற சர்வதேச உடன்பாடு மரபணு வளங்களைப் பற்றிப் பேசுகிறது, ஆனால் மாதிரியிலிருந்து படித்தெடுத்த டிஎன்ஏ எழுத்து வரிசை, அதாவது வரிசைத்தரவு, ஒருமுறை பொதுத் தரவுத்தளத்தில் ஏறிவிட்டால் யாரும் அனுமதி கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். 2024இல் கொலம்பியாவின் காலி நகரில் நடந்த ஐநா பல்லுயிர் மாநாட்டில், இப்படிப்பட்ட தரவைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் பணம் போட ஒரு நிதியம் அறிவித்து, அதில் குறைந்தது பாதி பழங்குடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் போக வேண்டும் என்றார்கள், ஆனால் பணம் போடுவது நிறுவனங்களின் விருப்பம். லோக்கல் கான்டெக்ஸ்ட்ஸ் என்ற அமைப்பின் லேபிள்களைத் தரவில் போடலாம், அவை இது யாருடையது, என்ன எதிர்பார்ப்பு என்று சொல்லும், எதையும் பூட்டாது.

அந்த ஆய்வகத்திடம் மாதிரிக் குழாய்களின் பட்டியலை வாங்கிக் குழுவிடம் கொடுங்கள். மீதியைத் திருப்பித் தருவதா அழிப்பதா, எந்தத் தேதிக்குள், புதிய ஆய்வு என்றால் யாரிடம் கேட்பது என்பதெல்லாம் இருக்கிற ஒப்பந்தத்துக்குத் தனி இணைப்பாக வரட்டும், அந்த ஆய்வகமும் அதில் கையெழுத்திட வேண்டும். அதுவரை வரிசைகளை எங்கும் ஏற்றாதீர்கள்.