அப்பாவுக்கு ஸ்கிளீரோடெர்மா: முதலில் கெடுவது ரத்தக் குழாயா, எதிர்ப்பு சக்தியா? கல் தூசிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பர்கூர்க்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா பர்கூர் பக்கத்துக் கல்குவாரியில் கம்ப்ரசர் டிரில் பிடித்தவர், அப்புறம் கிரானைட் கட்டிங் பட்டறை. நாலைந்து வருஷமாகவே மார்கழிக் குளிரில் பச்சைத் தண்ணீரில் கை வைத்தால் விரல் நுனி வெள்ளை வெளேரென்று ஆகி, நீலம் பாய்ந்து, வெயில் பட்டதும் சிவந்து எரியும். மெஷின் பிடிக்கிற கை அப்படித்தான் இருக்கும் என்று பட்டறையில் எல்லாரும் சொன்னார்கள். இந்த வருஷம் மோதிரம் கழலவில்லை, களி உருண்டை பிடிக்கக்கூட விரல் மடங்கவில்லை, தோல் அவ்வளவு இறுக்கம்.

வேலூரில் காட்டினோம், ஸ்கிளீரோடெர்மா, தோல் இறுகும் நோய் என்றார்கள். நகத்தடியில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்து, கேமரா மாதிரி ஒன்றை அழுத்தித் திரையில் பார்த்தார்கள். ரத்தத்தில் ஏ.என்.ஏ., எஸ்.சி.எல்-70 என்ற எதிரணு (ஆன்டிபாடி) டெஸ்ட் இரண்டும் பாசிட்டிவ், சி.டி.யில் நுரையீரல் அடிப்பக்கம் லேசாகத் தழும்பு. ரத்தக் குழாயை விரிக்கும் நிஃபெடிபின், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மைக்கோஃபினோலேட் கொடுத்திருக்கிறார்கள். டாக்டர் "இது ரத்தக் குழாயில் ஆரம்பிக்கிற நோய்" என்றார், ரிப்போர்ட்டில் "ஆட்டோ இம்யூன்", அதாவது எதிர்ப்பு சக்தி நம் உடம்பையே அடிக்கும் நோய் என்று இருக்கிறது. இரண்டில் எது? ரத்தக் குழாய் நோய் என்றால் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை எதற்கு? அப்புறம் சித்தப்பா ஜெர்மனியில் செல் சிகிச்சையால் குணமாகிறது என்று ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார், அதை நம்பலாமா?

ஓசூர்_லேப்:

தம்பி, நான் டாக்டர் இல்லை, பெங்களூரில் ஆய்வகத்தில் இருப்பவன், எங்கள் வேலைக்குப் பக்கத்து விஷயம் என்பதால் எழுதுகிறேன். இரண்டும்தான். டாக்டர் சொன்னதும் ரிப்போர்ட்டில் இருப்பதும் முரண் இல்லை.

ரத்தக் குழாயின் உள்பக்கம் ஒரே ஒரு அடுக்கு செல் இருக்கும், எண்டோதீலியம். குழாயை விரித்து வைக்கும் நைட்ரிக் ஆக்சைடையும் சுருக்கும் எண்டோதெலின்-1ஐயும் சமமாக வைத்திருப்பது அதன் வேலை. இந்த நோயில் அந்த அடுக்கு அடிபடுகிறது, எண்டோதெலின் கூடுகிறது, விரிக்கிற பொருள் குறைகிறது. அதனால்தான் சின்னக் குளிருக்கே விரல் வெளுக்கிறது. சும்மா சுருங்கி விரிந்தால்கூடப் பரவாயில்லை, போகப்போகக் குழாயின் உள்சுவரே தடித்து வழி அடைபடும். அடிபட்ட அந்தச் செல்கள் ரத்தத்தில் போகும் வெள்ளை அணுக்களை ஒட்டவைத்து உள்ளே இழுக்கும், அங்கிருந்து எதிர்ப்பு சக்தியின் கதை தொடங்குகிறது. உள்ளே வந்த டி செல்லும் மேக்ரோபேஜும் (வெள்ளை அணு வகைகள்) ஐ.எல்-6, ஐ.எல்-13, டி.ஜி.எஃப்-பீட்டா என்று தூதுப் புரதங்களைச் சுரக்க, தோலிலும் நுரையீரலிலும் நார்த்திசுவைச் செய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் குணம் மாறி, நிறுத்தாமல் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைக் கொட்டும். அப்பா விரல் மடங்காததற்கு அதுதான் காரணம். இன்னொரு வகை வெள்ளை அணுவான பி செல்கள் இன்னொரு பக்கம் எஸ்.சி.எல்-70 மாதிரி எதிரணுக்களைச் செய்கின்றன.

நகத்தடியில் பார்த்ததை லேசாக நினைக்காதீர்கள். நல்ல நிலையில் அங்கே நுண்குழாய்கள் ஹேர்பின் அடுக்கி வைத்தது போல வரிசையாகத் தெரியும். இந்த நோயில் முதலில் அவை வீங்கும், அப்புறம் காணாமல் போய் வெற்றிடம் விழும். கனடாவில் ரேனோ, அதாவது குளிரில் விரல் வெளுக்கும் கோளாறு உள்ள 586 பேரை 20 வருஷம் வரை பின்தொடர்ந்து 2008-ல் ஓர் ஆய்வு வந்தது. நகத்தடிக் குழாய் மாற்றமும் இந்த நோய்க்கே உரிய எதிரணுவும் சேர்ந்து இருந்தவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேருக்குப் பின்னால் ஸ்கிளீரோடெர்மா வந்தது, இரண்டும் இல்லாதவர்களில் 2 சதவீதத்துக்கும் குறைவு. விரல் வெளுக்கிற எல்லாருக்கும் இது வருவதில்லை, ஆனால் யாருக்கு வரும் என்று தோல் இறுகுவதற்கு முன்பே சொல்ல முடிகிறது.

பாலக்கோட்டு_அக்கா:

லேப் தம்பி சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. குழாய் முதலில், எதிர்ப்பு சக்தி அப்புறம் என்று கோடு போட்ட மாதிரி எழுதியிருக்கிறார். எனக்கு இதே நோய், எஸ்.சி.எல்-70க்குப் பதில் சென்ட்ரோமியர் என்ற எதிரணு உள்ள வகை, படித்துப் படித்தே பாதி டாக்டர் ஆகிவிட்டேன். எதிரணு ரத்தத்தில் பல வருஷம் முன்பே இருப்பதும் உண்டு. புற்றுநோய்க் கட்டியில் பி.ஓ.எல்.ஆர்.3.ஏ என்ற மரபணு கெட்டுப்போய், அதை எதிர்க்கக் கிளம்பிய எதிர்ப்பு சக்தி உடம்பையே அடித்ததாக ஜான்ஸ் ஹாப்கின்ஸ்காரர்கள் 2014-ல் காட்டினார்கள், அங்கே ஆரம்பம் குழாயில் இல்லையே. ஒவ்வொருவருக்கும் வாசல் வேறு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பர்கூர் தம்பி, ஒன்று மட்டும் உடனே செய். வீட்டில் ஒரு பி.பி. மெஷின் வாங்கி வை. இந்த நோயில் சிறுநீரக ரத்தக் குழாய் திடீரென்று சுருங்கி பி.பி. எகிறுவது உண்டு, எஸ்.சி.எல்-70 வகையிலும் வரும். ஏ.சி.இ. தடுப்பு மாத்திரைகள் (பி.பி.யைக் குறைப்பவை) வருவதற்கு முன்பு அதில் பெரும்பாலும் உயிரே போய்விடும். மூட்டு வலி என்று பக்கத்து கிளினிக்கில் காட்டி யாராவது ஸ்டீராய்டு அதிக டோஸ் எழுதினால் வேலூர் டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம், அது இந்த ஆபத்தைக் கூட்டும். அப்பா பீடி பிடிப்பாரா? பிடித்தால் இன்றோடு நிறுத்தச் சொல். கையை மட்டும் மூடினால் போதாது, உடம்பு முழுக்கச் சூடாக இருந்தால்தான் விரலுக்கு ரத்தம் வரும். காலையில் ஸ்வெட்டர் போடச் சொன்னால் கௌரவம் பார்ப்பார்கள் இந்த அப்பாக்கள்.

ஓசூர்_லேப்:

சரி அக்கா, வாசல் வேறு என்பதை ஏற்றுக்கொள்கிறேன், அமெரிக்காவில் 42 ஜோடி இரட்டையர்களைப் பார்த்ததில் இருவருக்கும் நோய் வந்தது 4.7 சதவீத ஜோடிகளில்தான். பிறவி மட்டும் காரணம் இல்லை, வெளியிலிருந்து ஏதோ ஒன்று தள்ளிவிட வேண்டும்.

கல் தூசி அப்படிப்பட்ட ஒன்று. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் எராஸ்மஸ் 1957-லேயே இதைப் பதிவு செய்தார், கல் தூசியில் இருக்கும் சிலிக்காவோடு வருவதை இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறோம். குவார்ட்ஸ் (சிலிக்கா) தூளை நுரையீரல் மேக்ரோபேஜ் விழுங்கும், செரிக்காது, செத்து மறுபடி வெளியே விடும், இன்னொன்று விழுங்கும். எதிர்ப்பு சக்திக்கு ஓய்வே கிடையாது. உங்கள் அப்பாவுக்கு அதனால்தான் வந்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் எங்கே வேலை செய்தார் என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

வீடியோ விஷயம். அது எர்லாங்கன் பல்கலைக்கழகத்தின் கார்-டி சிகிச்சை. நோயாளியின் டி செல்லையே எடுத்து, சி.டி.19 என்ற அடையாளப் புரதம் உள்ள பி செல்களைத் தேடி அழிக்கும்படி மாற்றித் திரும்ப ஏற்றுவது. 2024-ல் வந்த கட்டுரையில் மொத்தம் 15 பேர், ஸ்கிளீரோடெர்மா 4 பேர்தான். அந்த நால்வருக்கும் நோயின் வேகம் தணிந்தது உண்மை. பி செல்லைத் துடைத்தாலே நோய் தணிகிறது என்பது ஆராய்ச்சிக்குப் பெரிய செய்தி, சித்தப்பா நினைப்பது போல நாளை டிக்கெட் போடுகிற விஷயம் இல்லை. இப்போது கையில் இருப்பதே மோசமில்லை: நுரையீரலுக்கு மைக்கோஃபினோலேட், அது போதாவிட்டால் தழும்பை மெதுவாக்கும் நின்டடானிப், ஐ.எல்-6ஐ மறிக்கும் டோசிலிசுமாப். விரலில் புண் வந்தால் எண்டோதெலினை மறிக்கும் போசென்டான் புதுப்புண் வருவதைக் குறைக்கும், இருக்கிற புண்ணை ஆற்றாது.

கம்ப்ரசர்_ஆள்:

நானும் குவாரிதான், கிருஷ்ணகிரி. டிரில் அதிர்விலேயே விரல் வெளுக்கும், அது தனி நோய், அதனால்தான் பட்டறையில் எல்லாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். நகத்தடி டெஸ்ட் இரண்டையும் பிரிக்கும் என்பது எனக்கே இப்போதுதான் தெரியும். தண்ணீர் விடாமல் கட்டிங் போடுகிற இடத்தில் அப்பாவை இனி நிறுத்தாதீர்கள், துண்டு கட்டிக்கொண்டால் போதும் என்று மேஸ்திரி சொல்வார், அந்தப் பொடி துண்டில் நிற்காது. சி.டி.யில் தெரிவது தூசித் தழும்பா, இந்த நோயின் தழும்பா, இரண்டுமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சிலிக்கோசிஸ், அதாவது கல் தூசியால் வரும் நுரையீரல் நோய், சட்டப்படி தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது, நஷ்டஈடு கேட்க அந்தக் காகிதம் வேண்டும்.

பர்கூர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, பீடி உண்டு, இன்று காலை அம்மா பீடிக்கட்டை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டார், வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. பட்டறை முதலாளியிடம் பேசி லோடு கணக்கு எழுதும் வேலை கேட்டிருக்கிறோம். அடுத்த முறை போகும்போது பழைய எக்ஸ்ரே எல்லாம் எடுத்துப் போக வேண்டுமா, சி.டி. மட்டும் போதுமா?

பாலக்கோட்டு_அக்கா:

எல்லாவற்றையும் எடுத்துப் போ. பழைய படம் இருந்தால்தான் தழும்பு எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பார்கள். ஊதிப் பார்க்கும் டெஸ்டும் எக்கோவும் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொள்.