மோரிஸ் மைனர் வயரிங்: மீட்டரில் 12 வோல்ட், ரோட்டில் இருட்டு

(பழைய மோரிஸ் மைனர் காரைப் பற்றிய உரையாடல்; பேசுபவர்களின் பெயர்கள் மொரிஷியஸ் ஊர்ப் பெயர்கள்.)

கியூர்பிப்
மைனர் 1000, பெயின்ட் வேலை முடிஞ்ச வண்டி. ஹெட்லைட் மங்கல், பல்பு மாத்தியும் அதேதான். பிரேக்கை மிதிச்சா பின்னாடி சின்ன விளக்கு மங்குது, இண்டிகேட்டர் தடுமாறுது. பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கு. பல்பைக் கழற்றிட்டு ஹோல்டரில் மீட்டரை வைச்சாலும் 12-க்கு மேல காட்டுது. முழு ஹார்னெஸையும் (வண்டியின் மொத்த வயர்க் கட்டையும்) மாத்தணுமா?

ரோஸ் ஹில்
வேண்டாம். பல்பைக் கழற்றிவிட்டுப் பார்த்த அளவை நம்பாதீங்க. ஒரே ஒரு இழை மிச்சமிருக்கிற வயரும் சும்மா இருக்கும்போது 12 காட்டும். கரண்ட் ஓடினால்தான் குட்டு வெளிப்படும்.

பல்பு எரியட்டும். மீட்டரின் ஒரு முனையை ஹோல்டரின் எர்த்திலும் (கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிற இணைப்பு), மறுமுனையை பேட்டரியில் எர்த் ஆன முனையிலும் வையுங்க. 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் கெட்டது. அடுத்து, பேட்டரியின் மறுமுனைக்கும் பல்புக்கு வருகிற வயருக்கும் நடுவில். அரை வோல்ட் வரை பொறுக்கலாம். அதற்கு மேலானால் ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கி வாங்க; எங்கே வோல்ட் குதிக்குதோ அங்கேதான் நோய். முதலில், ஹெட்லைட் வெளிச்சத்தைத் தாழ்த்தி உயர்த்தக் காலால் மிதிக்கிற டிப் சுவிட்ச். தரையிலேயே கிடப்பதால் செருப்புச் சேறு முழுக்க அதற்குத்தான். பிறகு கிரில்லுக்குப் பின்னால் இருக்கிற புல்லட் இணைப்புகள் (வயர் முனையிலுள்ள குண்டு வடிவ உலோகம் ஒரு குழாயில் செருகுவது).

பிரேக் மிதித்தால் பின்விளக்கு மங்குவது எர்த் இல்லாததற்கு நேரடிச் சாட்சி. திரும்பிப் போக வழி கிடைக்காத கரண்ட், அதே பல்புக்குள் இருக்கிற மற்ற ஃபிலமென்ட் வழியாக வேறு விளக்கின் எர்த்தைத் தேடிப் போகுது. புதுப் பெயின்ட் என்றால் சந்தேகமே இல்லை, எர்த் திருகு பெயின்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். உலோகம் பளிச்சிடும்வரை சுரண்டி, திருகி, மேலே வாசலின் தடவுங்க.

மாஹேபூர்
கடலோர வண்டிக்கு இன்னொன்று. செம்பு இருந்தால் களிம்பும் இருக்கும் என்று சைவத்தில் சொல்வதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், பழைய வயரின் முனையை வெட்டிப் பாருங்க. கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டித் தள்ளி, புது 4.7 மில்லிமீட்டர் புல்லட் போட்டு அழுத்துங்க. பெண் பக்கத்துக் குழாயை உப்புத்தாளால் தேய்த்துப் பயனில்லை, புதுசு போடுவதுதான் வழி.

கியர்பாக்ஸுக்கும் பாடிக்கும் நடுவே பின்னல் பட்டை இருக்கான்னும் பாருங்க. அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டரின் கரண்ட் சோக் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிள் சுட்டால் காரணம் இதுதான்.

காத்ர் போர்ன்
ஃபியூஸ் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இந்த வண்டியின் மின் பாகங்களைச் செய்த லூகாஸின் பழைய ஃபியூஸில் 35 என்று இருந்தால் அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இன்றைய 35 ஃபியூஸைப் போட்டால் முதலில் உருகுவது வயர். 15 போதும். பிரேக் லைட், இண்டிகேட்டர், வைப்பர், பெட்ரோல் முள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றால், ஃபியூஸ் பெட்டியில் A3, A4 என்று குறித்த முனைகளுக்கு நடுவே உள்ள ஃபியூஸ். ஹாரன் மட்டும் என்றால் A1-A2.

ஹெட்லைட்டுக்கு இந்த வண்டியில் ஃபியூஸே கிடையாது. டிப்புக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) வைத்துவிடுங்கள். ரிலேயில் 30 என்று குறித்த முனைக்கு பேட்டரியிலிருந்து நேராக, பேட்டரி அருகிலேயே 15 ஆம்பியர் ஃபியூஸுடன். 87 விளக்குக்கு, 2 சதுர மில்லிமீட்டர் வயரில். 85 எர்த். 86-க்கு டிப் சுவிட்சிலிருந்து வரும் பழைய வயர்: டிப்புக்கு நீலம்-சிவப்பு, பிரைட்டுக்கு நீலம்-வெள்ளை. பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு இணைந்த) வண்டியானால் உள்ளே டையோடு இல்லாத ரிலேயாகப் பார்த்து வாங்குங்கள்.

கியூர்பிப்
எர்த் பக்கம் 1.4, டிப் சுவிட்சில் 0.9. இரண்டையும் சரிபண்ணினதும் வெளிச்சம் வந்தாச்சு, ஹார்னெஸ் பழசேதான். ஆனா ராத்திரி நிறுத்தினா காலையில் பேட்டரி காலி. டைனமோ தொட்டா சூடா இருக்கு.

ரோஸ் ஹில்
வண்டி நின்றும் டைனமோ சுடுதா? ரெகுலேட்டர் பெட்டியில், எஞ்சின் நின்றதும் டைனமோவை பேட்டரியிலிருந்து பிரிக்க வேண்டிய கட்-அவுட் முனை ஒட்டிக்கொண்டது. பேட்டரி டைனமோவுக்குள் வடியுது. பேட்டரி வயரை உடனே கழற்றுங்க. முனைகளைப் பிரித்து மெல்லிய அரத்தால் இழைத்துப் பாருங்க, குழி விழுந்திருந்தால் பெட்டியையே மாற்றணும். மாட்டும் முன், டைனமோவின் துருவம் பேட்டரியோடு பொருந்த, டைனமோவில் D, F என்று குறித்த முனைகளின் வயர்களைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு வயரை டைனமோவின் F முனையில் நொடிப்பொழுது தொட்டு எடுங்க.