தருமபுரியில் ஜியோபோன், அந்தமானில் பிளவு: பள்ளி ஆய்வுக்கு வழி கேட்கிறேன்

பாப்பாரப்பட்டி_இயற்பியல்:
வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியல் கண்காட்சிக்காகக் கடலடிப் பிளவுகளையும் சுனாமியையும் எடுத்திருக்கிறார்கள். கையில் ஒரு ராஸ்பெரி ஷேக் என்ற சிறு நிலநடுக்கமானி (தரையின் மேல்கீழ் அசைவை உணரும் செங்குத்து ஜியோபோன் மட்டும் உள்ள மாடல்), இரண்டு லேப்டாப், சுமாரான இணையம். சுமத்ரா, அந்தமான் பக்கம் நடுங்கி, அளவு 8-ஐத் தாண்டினால் சைரன் அடிக்க வேண்டும் என்பது அவர்கள் திட்டம். இது தேறுமா? 2012 ஏப்ரலில் 8.6 வந்தும் ஏன் பெரிய அலை வரவில்லை என்று ஒரு மாணவி கேட்கிறாள், எனக்கே தெளிவாகச் சொல்ல வரவில்லை. இன்னொன்று, மூன்று கிலோமீட்டர் தண்ணீருக்கு அடியில் இருக்கும் பிளவு இன்னும் இயங்குகிறதா, ஓய்ந்துவிட்டதா என்று எப்படிச் சொல்கிறார்கள்? பள்ளியைச் சுற்றிக் கல் குவாரிகள் வேறு.

அலைவரி:
டீச்சர், முதலில் அந்த சைரனைக் கழற்றிவிடுங்கள். காரணம் இரண்டு.

உங்கள் ஜியோபோனின் இயல்பு அதிர்வெண் 4.5 ஹெர்ட்ஸ். மின்சுற்றால் அதைக் கீழே நீட்டியிருக்கிறார்கள், ஆனாலும் ஒன்றிரண்டு நொடி அலைநேரத்துக்கு (ஓர் அலை முடிய ஆகும் நேரம்) மேல் போனால் காது மந்தம். மாபெரும் நிலநடுக்கத்தின் அளவைத் தீர்மானிப்பது நூறு, இருநூறு நொடி அலைநேரமுள்ள அலைகள். ஒரு நொடி அலைகளின் உயரம், நடுக்கத்தின் அளவு சுமார் 7-ஐத் தாண்டிய பிறகு ஏறவே ஏறாது. 7.5-உம் 9.1-உம் உங்கள் திரையில் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். 2004-இல் பசிபிக் சுனாமி மையம்கூட முதல் அறிக்கையில் 8.0 என்றுதான் சொன்னது. 9.0 என்று தெரிய வந்தபோது அலை எல்லாக் கரையையும் அடித்து முடித்திருந்தது.

இரண்டாவது காரணம்தான் உங்கள் மாணவியின் கேள்வி. சுனாமியை எழுப்புவது குலுக்கல் அல்ல, கடல்தளம் மேலும் கீழும் நகர்வது. 2004 டிசம்பர் 26-இல் இந்தியத் தட்டு பர்மா சிறுதட்டின் அடியில் சரிந்தது. சாய்வு சுமார் 8 பாகை, பிளந்த நீளம் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். 2012 ஏப்ரல் 11-இல் நடந்தது, அந்தச் சரிவு தொடங்கும் ஆழ்கடல் அகழிக்கு மேற்கே, இந்தியத் தட்டின் உடம்புக்குள்ளேயே. இரண்டு பக்கமும் பக்கவாட்டில் உரசிப் போயின. தண்ணீரைத் தூக்க ஆளில்லை. எச்சரிக்கை விடுத்தார்கள், அன்று மாலையே விலக்கிக்கொண்டார்கள்.

பிள்ளைகள் கரும்பலகையில் போட ஒரு கணக்கு: நழுவல் 15 மீட்டர், சாய்வு 8 பாகை என்றால் செங்குத்துப் பங்கு 15 × சைன் 8 = சுமார் 2 மீட்டர். அதே நழுவல் அகழிக்கு அருகே 30 பாகையில் கிளைத்து ஏறும் ஒரு கிளைப்பிளவுக்குள் போனால் 7.5 மீட்டர். கிளைப்பிளவுகளைத் தேடி இத்தனை கப்பல் ஓடுவது இதற்காகத்தான். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. 2010 அக்டோபர் 25-இல் மெந்தாவாய் தீவுகளில் 7.8. பிளவு மெதுவாக நழுவியதால் மக்களுக்கு ஆட்டம் பெரிதாகத் தெரியவில்லை, அலை மட்டும் ஆளை அடித்துப் போனது. 8-இல் அடிக்கும் சைரன் அன்று வாயைத் திறந்திருக்காது.

ராயக்கோட்டை_கருங்கல்:
கருவி வைக்கிற சமாச்சாரம் நான் சொல்றேன் மேடம். நம்ம பக்கம் நைஸ், சார்னோக்கைட்னு கெட்டிப் பாறை வெளியில தலைகாட்டுற இடம் நிறைய. அந்தப் பாறை மேலயே வைங்க. வகுப்பறைத் தரையில வெச்சா கட்டடத்தோட ஆட்டத்தைத்தான் அளப்பீங்க. மண்ணை நீக்கி, பாறையைத் தேய்ச்சுக் கழுவி, ஓரடி சதுரத்துக்கு ரெண்டு அங்குல கான்கிரீட் திட்டு போடுங்க. மட்டப்பலகை வெச்சு சமம் பாருங்க, செங்குத்து ஜியோபோன் சாஞ்சா பதிவு கெட்டுடும். மேல காத்துப் புகாத பெட்டி. மரம், தண்ணித் தொட்டி, போர் மோட்டார் பக்கம் வேண்டாம். மரத்தோட வேர் காத்துக்கு ஆடுறது அப்படியே பதிவாகும். பெங்களூரு–சேலம் நெடுஞ்சாலை, ரயில் பாதை ரெண்டுலருந்தும் ஒரு கிலோமீட்டராவது தள்ளிப் போங்க.

கரண்ட் போனா நேரம் போச்சு. கருவி இணையத்துலருந்துதான் மணி எடுக்குது. திரும்ப எழுந்ததும் மணி சரியாகுறதுக்குள்ள வர்ற பதிவை நம்பாதீங்க. சின்ன யூபிஎஸ் கட்டாயம்.

குவாரி வெடியைப் பிரிக்கிறது சுலபம். எப்பவும் பகல்ல, பெரும்பாலும் ஒரே நேரத்துல வரும். முதல் அசைவு மேல்நோக்கி இருக்கும், ஏன்னா வெடி எல்லாத் திசையிலும் வெளிய தள்ளும். முதல்ல வர்ற பி அலைக்கு அப்புறம் வர்ற எஸ் அலை சோப்ளாங்கி, பின்னாடி தடிச்ச மேற்பரப்பு அலை, சில நொடியில எல்லாம் முடிஞ்சிடும். 5–15 ஹெர்ட்ஸ் வடிகட்டி போட்டா வெடி பளிச்சுனு தெரியும், 0.7–2 போட்டா அது அடங்கி தூரத்து நடுக்கம் மேல வரும். அந்தமான் பக்கத்து 6.5-க்கு மேல உள்ளது அமைதியான ராத்திரியில தெரியணும்.

கடல்தளம்:
பிளவு இயங்குகிறதா என்ற கேள்விக்கு வருகிறேன். மூன்று அளவுகோலில் பார்க்கிறோம், முதல் இரண்டும் பொய்த்தோற்றம் காட்டி ஏமாற்றும்.

முதலில் மல்டிபீம் சோனார், அதாவது கப்பலிலிருந்து பல ஒலிக்கற்றைகளை விசிறிபோல் அனுப்பித் தளத்தை அளக்கும் கருவி. ஆழ்கடலுக்கு 12 கிலோஹெர்ட்ஸ். கற்றை ஒரு பாகை அகலம் என்றால் 3,000 மீட்டர் ஆழத்தில் அதன் தடம் 52 மீட்டர். ஐந்து மீட்டர் உயரப் பிளவுமேடு அதில் கரைந்துபோகும். அதைப் பார்க்க ஆளில்லா நீர்மூழ்கியைத் தளத்துக்கு மேல் 50 மீட்டரில் ஓட்ட வேண்டும், அப்போது தடம் ஒரு மீட்டருக்குள் வரும். இதில் நடக்கும் தவறு: தண்ணீரின் வெப்ப அடுக்குகளைச் சரியாக அளக்காவிட்டால் ஒலியின் வேகம் பிசகி, கப்பல் அளந்து போகும் பட்டையின் இரு ஓரமும் மேலே வளையும் அல்லது கீழே தொங்கும். அடுத்தடுத்த பட்டைகள் சேரும் இடத்தில் நீளமாக ஒரு மேடு முளைக்கும். கப்பல் போன தடத்துக்கு இணையாக ஒரு 'பிளவு' தெரிந்தால் நான் முதலில் கப்பலைத்தான் சந்தேகப்படுவேன்.

அடுத்தது அதிர்வுப் பிரதிபலிப்பு. ஏர்கன் அழுத்தக்காற்றை வெடிக்கும், பின்னால் இழுபடும் கிலோமீட்டர் கணக்கான ஸ்ட்ரீமர் (ஒலிவாங்கிகள் கோத்த கேபிள்) எதிரொலியைக் கேட்கும். 50 ஹெர்ட்ஸ் அலைக்கு, வேகம் நொடிக்கு 2,000 மீட்டர் என்றால், அலைநீளம் 40 மீட்டர். அதில் கால்பங்கு, அதாவது 10 மீட்டருக்கும் சிறிய இடப்பெயர்வைப் பிரித்தறிய முடியாது. மேலடுக்குக்கு 3.5 கிலோஹெர்ட்ஸ் கருவி, அது சில பத்து மீட்டர்தான் ஊடுருவும், ஆனால் ஒரு மீட்டருக்குள் துல்லியம். பார்க்க வேண்டியது இதுதான்: பிளவு மிக இளைய அடுக்கையும் வெட்டுகிறதா, நடுவிலேயே மூடப்பட்டுவிட்டதா? ஆழம் போகப்போக அடுக்குகளின் விலகல் கூடினால், ஒரே தடவையில் அல்ல, திரும்பத் திரும்ப நகர்ந்திருக்கிறது. வண்டல் ஆயிரம் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் படியும் இடத்தில் 5 மீட்டர் கீழுள்ள அடுக்கின் வயது 50,000 ஆண்டு. அது 3 மீட்டர் விலகியிருந்தால் வேகம் ஆண்டுக்கு 0.06 மில்லிமீட்டர்.

பிள்ளைகள் இணையத்தில் பார்க்கும் குறுக்குவெட்டுப் படங்களில் செங்குத்து அச்சைப் பெரும்பாலும் இழுத்திருப்பார்கள். 10 மடங்கு இழுத்தால் 10 பாகைச் சரிவு 60 பாகையாகத் தெரியும். இன்னொரு பேய், தண்ணீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிய இரட்டை எதிரொலி. தளத்தின் எதிரொலி ஒரு நொடியில் வந்தால், இரண்டாவது நொடியில் அதே வடிவம் இருமடங்கு சரிவோடு நிற்கும். அதைப் பாறை என்று வரைந்தவர்கள் உண்டு.

மூன்றாவது, தளம் இப்போது நகர்கிறதா என்பது. ஜிபிஎஸ் தண்ணீருக்குள் போகாது. அதனால் தளத்தில் குறைந்தது மூன்று ஒலிப் பதிலிகளை (ஒலி கேட்டால் பதில் ஒலி தரும் கருவிகள்) வைத்து, மேலே நிற்கும் கப்பலின் ஜிபிஎஸ் இடத்தோடு ஒலிநேரத்தைக் கோக்கிறார்கள். 2011 மார்ச் 11 தோஹொகு நடுக்கத்தில் மையத்துக்கு அருகே தளம் 24 மீட்டர் நகர்ந்தது இப்படித்தான் தெரிந்தது. முன்பும் பின்பும் எடுத்த மல்டிபீம் வரைபடங்களை ஒப்பிட்டபோது அகழி ஓரம் சுமார் 50 மீட்டர் போயிருந்தது. ஜப்பானின் சிக்யூ என்ற துளையிடும் கப்பல் அங்கே சுமார் 6,900 மீட்டர் தண்ணீருக்கு அடியில் துளையிட்டுப் பிளவையே தொட்டது. ஐந்து மீட்டருக்கும் குறைந்த தடிமனில், ஸ்மெக்டைட் என்ற கனிமம் நிறைந்த வழவழப்பான களிமண். உராய்வுக் கெழு 0.1-ஐக்கூடத் தொடவில்லை.

பாப்பாரப்பட்டி_இயற்பியல்:
மிக்க நன்றி. சைரன் போயிற்று, பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வருத்தம். எஸ் அலைக்கும் பி அலைக்கும் உள்ள இடைவெளியை 8-ஆல் பெருக்கித் தூரம் காண்பது சரியா? அலை எப்போது சென்னையைச் சேரும் என்பதையாவது அவர்கள் கணக்கிட முடியுமா? பழைய சுனாமிகளை எப்படித் தேதி குறிக்கிறார்கள் என்பதும் பாக்கி.

அலைவரி:
8-ஆல் பெருக்குவது அருகிலுள்ள நடுக்கத்துக்கு மட்டும். 2004 மையம் தருமபுரிக்கு சுமார் 2,200 கிலோமீட்டர், அதாவது 20 பாகைக்குச் சற்றுக் குறைவு. பி அலை நாலரை நிமிடத்தில் வரும், எஸ் எட்டு நிமிடம் தாண்டி. இடைவெளி சுமார் 220 நொடி. எட்டால் பெருக்கினால் 1,760, நானூறு கிலோமீட்டருக்கு மேல் அடிபட்டுப் போகும். அலைகள் வேகம் கூடிய மேன்டில் (மேலோட்டுக்குக் கீழுள்ள அடுக்கு) வழியாக வளைந்து வருவதுதான் காரணம். போதாக்குறைக்கு, 410, 660 கிலோமீட்டர் ஆழ எல்லைகளில் வளைந்த பி அலைகள் இந்தத் தொலைவில் ஒன்றன்மேல் ஒன்று விழும். பயண நேர அட்டவணையைப் பாருங்கள். ஒற்றைச் செங்குத்துக் கருவியில் எஸ் தெளிவாக வராது, அதனால் இலங்கையின் பல்லேகல நிலையத்துப் பதிவை இலவசமாக இறக்கி, அதில் 2004-ஐயும் 2012-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கண்காட்சிக்கு அதுவே போதுமான விஷயம்.

சுனாமி வேகம் = √(ஈர்ப்பு முடுக்கம் × ஆழம்). 3,500 மீட்டரில் நொடிக்கு 185 மீட்டர், மணிக்கு சுமார் 670 கிலோமீட்டர். 50 மீட்டரில் மணிக்கு 80. மையத்திலிருந்து ஒரே கோடு இழுக்காதீர்கள், பிளவு முழுவதுமே தொடக்கம். 2004-இல் காலை 6:28-க்குப் பிளவு பிளந்தது, சென்னையில் 9 மணி வாக்கில் அலை.

இந்த இரண்டரை மணி நேரத்தில்தான் கடலடி அழுத்தமானிகள் வேலை செய்கின்றன. ஒரு சென்டிமீட்டர் நீர் ஏறினால் ஒரு ஹெக்டோபாஸ்கல். அவற்றோடு இணைந்த டார்ட் வகை எச்சரிக்கை மிதவை 3 சென்டிமீட்டர் மாறினாலே விழித்துக்கொள்ளும். ஆனால் பிளவுக்கு நேர்மேலே வைத்தால் தளமும் நீரும் சேர்ந்தே உயரும், அழுத்தம் முதலில் மாறாது. சற்றுத் தள்ளி வைப்பது அதனால்தான்.

சேற்றுக்குழாய்:
பழைய சுனாமிகளுக்கு வண்டல் கோர், அதாவது கடல்தளத்தில் குழாயை இறக்கி எடுக்கும் சேற்றுத் தூண். பெரிய நடுக்கத்தில் கண்டச்சரிவின் சேறு சரிந்து, கீழே பருமணலும் மேலே மென்சேறுமாக ஓர் அடுக்கு படியும், பெயர் டர்பிடைட். புயலும் வெள்ளமும்கூட அப்படிப் படியவைக்கும். அதனால் தனித்தனிப் பள்ளத்தாக்குகளும், அவை கூடும் இடமும் ஒரே எண்ணிக்கை காட்டுகின்றனவா என்று பார்க்கிறோம். வட அமெரிக்காவின் காஸ்கேடியாவில் மசாமா எரிமலைச் சாம்பலுக்கு மேல், கூடுமிடத்திலும் 13 அடுக்கு, கிளைகளிலும் 13. வெவ்வேறு நாளில் சரிந்திருந்தால் கூடுமிடத்தில் கூடுதலாக இருக்க வேண்டும்.

பிஸ்டன் கோர் இறங்கும்போது மேல் அரை மீட்டரை அடித்துச் சிதைத்துவிடும். கடைசி நிகழ்வு இருப்பதே அங்கேதான், ஆகவே பக்கத்தில், பிஸ்டன் இல்லாமல் தன் எடையாலேயே இறங்கும் ஒரு புவியீர்ப்புக் கோரும் எடுக்க வேண்டும். வயதை டர்பிடைட்டுக்குள் எடுக்காதீர்கள், அது பழைய சேறு. அடுக்குக்கு நேர்கீழே உள்ள மிதவை ஃபொராமினிஃபெராவை (நுண்ணுயிர்களின் சுண்ணாம்பு ஓடுகள்) எடுத்து, கார்பன் முறையில் வயது கண்டு, கடல்நீரின் பழங்கரியால் கூடும் சில நூறு ஆண்டுகளைக் கழிக்க வேண்டும்.

கடல்தளம்:
வரைபடத்துக்கு கெப்கோ என்ற உலகக் கடலாழத் தரவைத்தான் எடுப்பீர்கள். கட்டத்தின் அளவு 15 விகலை (ஆர்க் செகண்ட்), அதாவது சுமார் 450 மீட்டர். அதோடு தரவு வகைக் கட்டமும் கிடைக்கும், அதையும் க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் ஏற்றுங்கள். எந்தக் கட்டம் சோனாரில் அளந்தது, எது செயற்கைக்கோள் ஈர்ப்பிலிருந்து ஊகித்தது என்று தனித்தனி எண் இருக்கும். அளந்ததை ஒரு நிறம், ஊகித்ததை வேறு நிறம் போட்ட பிறகு பிளவுக் கோடு வரையச் சொல்லுங்கள்.