குடியை நிறுத்தும் மாத்திரையைக் குழம்பில் கலக்கலாமா?

வைகைக்கரை:
அண்ணனுக்கு வயது 41. தினமும் இரண்டு குவாட்டர். காலையில் கை நடுங்கும், ஒரு கட்டிங் போட்டால்தான் அடங்கும். ஆஸ்பத்திரி என்றாலே சண்டை. மருந்துக்கடையில் ஒரு மாத்திரை சொல்கிறார்கள். தெரியாமல் குழம்பில் கலந்துவிட்டால் குடியையே வெறுத்துவிடுவாராம். நாலு நாள் அறையில் போட்டுப் பூட்டு என்கிறார் பெரியப்பா. எதைச் செய்வது? அண்ணியும் பிள்ளைகளும் ஓய்ந்துபோய்விட்டார்கள்.

நைட் டியூட்டி:
இரண்டும் வேண்டாம். அந்த மாத்திரை பெரும்பாலும் டைசல்ஃபிராமாக இருக்கும். சாராயம் உடலில் முழுதாகச் சிதையவிடாமல் பாதியில் தடுத்து, அசிட்டால்டிஹைடு என்ற நச்சைத் தேக்கிவிடும். முகம் சிவந்து, படபடத்து, வாந்தி எடுத்து, பிரஷர் விழும், உயிரும் போகலாம். கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆன பிறகே தொடங்க வேண்டிய மருந்து அது. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை வேலை செய்யும். ஈரலையும் இதயத்தையும் பார்த்து, அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு மட்டும் கொடுப்பார்கள்.

பூட்டி வைப்பது இன்னும் மோசம். 180 மில்லி, 42.8 சதவீதம் என்றால் ஒரு குவாட்டரில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். தினம் 120 கிராமுக்குப் பழகிய மூளையில் அதைத் திடீரென்று நிறுத்தினால், ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முடிந்து நாலாம் நாளுக்குள் பிதற்றல்: எறும்பு ஊர்கிறது, ஆள் நிற்கிறது என்பார். பெரியப்பா சொல்கிற அந்த நாலு நாள்தான் ஆபத்தான நாலு நாள். வலிப்போ பிதற்றலோ வந்தால் 108.

இன்னொன்று. பக்கத்து கிளினிக்கில் நேராக குளுக்கோஸ் ஏற்றிவிடுவார்கள். குடிப்பவர் உடம்பில் வைட்டமின் பி1, அதாவது தயமின், வற்றியிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கும். குடிக்கிற அளவைக் குறைத்துச் சொல்லாமல் உள்ளபடி சொல்லி, தயமின் போடச் சொல்லிக் கேளுங்கள்.

வைகைக்கரை:
வரவே மாட்டேன் என்பவரை என்ன செய்ய?

ஆலமரத்தடி:
நீங்கள் மட்டும் முதலில் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மதுரை என்றால் ராஜாஜி மருத்துவமனை. 14446 போதை மீட்பு உதவி எண், 14416 டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். இரண்டுக்கும் கட்டணமில்லை.

பேச்சு காலையில், நடுக்கம் அடங்கி அவர் தெளிவாக இருக்கும் அரை மணி நேரத்தில் மட்டும். "நேற்று ராத்திரி பாப்பா பயந்து அழுதாள், டாக்டரைப் பார்க்கலாமா" என்று ஒரே செய்தி. பழைய கணக்கை இழுத்தால் அன்றைய பேச்சு முடிந்தது. "சரி" என்று வாய் வரும் நாள் மறுநாளே மாறிவிடும். எந்த நாள், எந்த ஓபி, யார் கூட வருவது என்று முன்பே முடிவு செய்து வையுங்கள்.

வேன் அனுப்பித் தூக்கிக்கொண்டு போகும் மையங்களை நம்பாதீர்கள். மனநல மருத்துவர் எப்போது வருகிறார், இரவில் நர்ஸ் உண்டா, பார்க்க விடுவார்களா, மாநில மனநல ஆணையப் பதிவு உண்டா என்று கேளுங்கள். மழுப்பினால் திரும்பிவிடுங்கள். 2017 மனநலச் சட்டத்தில் சங்கிலி போடத் தடை. சம்மதமில்லாத சேர்க்கைக்கும் முறை உண்டு: இருவர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவர்; முதல் தடவை 30 நாள் வரை.

ஞாயிறு கூட்டம்:
அண்ணியைப் பற்றி யாரும் பேசவில்லையே. குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்றே ஆல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ஆலட்டீன். கட்டணம் இல்லை, முழுப்பெயர் கேட்பதில்லை. அவரைத் திருத்த வழி கேட்கப் போனால் ஏமாற்றம்தான். ஆபீசுக்குப் பொய் லீவு சொல்வது, கடன்காரனுக்குப் பணம் கட்டுவது, வாந்தியை ராவோடு ராவாகக் கழுவுவது, இதில் எதை விடுவது என்பதே அங்கே பேச்சு. விட்டால் முதலில் சண்டை கூடும், தயாராக இருக்கச் சொல்லுங்கள். ரேஷனுக்கும் ஸ்கூல் ஃபீசுக்கும் உள்ள பணம் அண்ணியின் தனிக் கணக்கில் இருக்கட்டும். அடித்தால் பொறுக்க வேண்டாம்: பெண்கள் உதவி எண் 181.

அண்ணன் ஆஸ்பத்திரியில் இருக்கும் வாரங்களிலும் அண்ணி கூட்டத்தை விடக்கூடாது. வீடு திரும்பிய முதல் மூன்று மாதம்தான் சறுக்கல் அதிகம்.