மனநெருக்கடியில் இருப்பவர் வீட்டுக்கு முதலில் போலீஸ் போவது சரியா?

தம்பிக்காக:
என் தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா. மாத்திரையை நிறுத்திவிட்டால் கொஞ்ச நாளிலேயே குரல்கள் கேட்க ஆரம்பித்துவிடும். ஒருமுறை அம்மா பயந்துபோய் போலீசுக்குப் போன் செய்துவிட்டார். பூட்ஸும் டார்ச்சுமாக நாலு பேர் உள்ளே வந்தார்கள். யாரோ தன்னைப் பிடித்துக்கொண்டு போக வருகிறார்கள் என்றுதான் அவன் முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். அவன் பயந்ததே நடந்தது. இப்போது அம்மா கையால் தரும் மாத்திரையைக்கூட வாங்க மறுக்கிறான். இந்த மாதிரி நேரத்தில் வர வேண்டியது மனநலம் தெரிந்த ஆட்கள், போலீஸ் அல்ல. மாற்றுக்கருத்து இருந்தால் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ.:
உங்கள் தம்பிக்கு அப்படி நடந்திருக்கக் கூடாதம்மா. ஆனால் ஸ்டேஷனுக்கு என்ன தகவல் வருகிறது என்று யோசியுங்கள். "ஒருத்தர் கலாட்டா பண்றார், அடிக்க வர்றார்." அவ்வளவுதான். கையில் கத்தி இருக்கிறதா, உள்ளே குழந்தை மாட்டிக்கொண்டிருக்கிறதா, எதுவும் தெரியாது. அந்த வாசலுக்கு வெறுங்கையோடு ஒரு சமூகப் பணியாளரை அனுப்பி, அவருக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? போலீசுக்கே நல்ல பயிற்சி கொடுங்கள். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 1988-லேயே தொடங்கிவிட்டார்கள். 40 மணி நேரப் பயிற்சி. மனநோய் சம்பந்தப்பட்ட அழைப்பு என்றால் அந்தப் பயிற்சி பெற்றவர்தான் போவார்.

இரவுப்பணி செவிலி:
ஐயா, அந்தப் பயிற்சியால் போலீசாரின் புரிதலும் அணுகுமுறையும் மாறுவது உண்மை. ஆனால் பலப்பிரயோகமும் காயங்களும் குறைந்தன என்பதற்கு உறுதியான சான்று இன்னும் இல்லை. 40 மணி நேரம் படித்தாலும் சீருடையும் துப்பாக்கியும் அப்படியேதான் உள்ளே வருகின்றன.

2020 மார்ச்சில் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில், மனநெருக்கடியில் இருந்த டேனியல் ப்ரூட் இறந்ததை நினைத்துப் பாருங்கள். உதவி கேட்டுப் போன் செய்தது சொந்தச் சகோதரர். டேனியல் தெருவில் ஆடையில்லாமல், ஆயுதமும் இல்லாமல் இருந்தார். போலீசார் அவர் தலையில் முகமூடி மாட்டி, தரையோடு அழுத்திப் பிடித்தார்கள். ஒரு வாரத்தில் உயிர் போனது.

வாசலில் என்ன செய்ய வேண்டும் என்பது எங்களுக்குத் தினசரி வேலை. சைரன் கூடாது. ஒருவர் மட்டும் பேச வேண்டும், மற்றவர் வாய் திறக்கக் கூடாது. நோயாளிக்கும் கதவுக்கும் நடுவில் நிற்கக் கூடாது. வெளியே போக வழி இருக்கிறது என்று தெரிந்தாலே பாதி பதற்றம் இறங்கும். குரல் கேட்கிறது என்றால் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று வாதாடவும் கூடாது, நமக்கும் கேட்பதுபோல நடிக்கவும் கூடாது. "பயமா இருக்கும்ல, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்கலாம். இதற்கு நேரம் பிடிக்கும். சில சமயம் ஒரு மணி நேரம்கூட ஆகும். அடுத்த கேஸ் வயர்லெஸ்ஸில் காத்திருக்கும்போது போலீசால் அந்த நேரத்தைத் தர முடியாது.

ஆரெகன் மாநிலத்தின் யூஜின் நகரில் 1989 முதல் 'காஹூட்ஸ்' என்ற குழு இதைத்தான் செய்தது. ஒரு மருத்துவப் பணியாளர், ஒரு நெருக்கடிப் பணியாளர், ஒரு வேன், ஆயுதம் கிடையாது. 2019-ல் ஏறக்குறைய 24,000 அழைப்புகள். போலீஸ் துணை கேட்டது 2 சதவீதத்துக்கும் குறைவு.

கணக்கு கேட்பவன்:
அந்த 24,000-ஐ எல்லாரும் சொல்கிறார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நலம் விசாரிப்பது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அழைத்துப் போவது போன்றவைதான் அதில் நிறைய. போலீஸ் எப்படியும் போயிருக்காத அழைப்புகள் அவை. போலீசின் வேலையில் உண்மையாகவே குறைந்தது 5 முதல் 8 சதவீதம்தான் என்று அந்த நகரக் காவல்துறையின் ஆய்வே சொன்னது. அந்தச் சேவையும் 2025 ஏப்ரலில் யூஜினில் நின்றுபோனது. இங்கிலாந்தில் போலீசே இத்தகைய அழைப்புகளிலிருந்து விலகும் கொள்கை 2023-ல் நாடு முழுவதும் பரவியபோது, அந்த இடத்தை யார் நிரப்புவார்கள் என்று மனநல அமைப்புகளே கவலைப்பட்டன. மாற்று ஏற்பாடு தயாராகும் முன் போலீசை எடுத்தால் வாசலுக்கு யாருமே வர மாட்டார்கள்.

இரவுப்பணி செவிலி:
கடைசி வரியை அப்படியே ஏற்கிறேன். மற்றதை ஏற்க முடியாது. யூஜினில் நின்றதற்குக் காரணம் பணப் பற்றாக்குறை. காஹூட்ஸை நடத்திய ஒரு சிறிய கிளினிக்கின் கையிருப்பை நம்பி ஒரு நகரத்தின் அவசர சேவையை நடத்தினால் அப்படித்தான் ஆகும். காவல் நிலையத்தை யாராவது அப்படி நடத்துகிறார்களா? அமெரிக்காவின் டென்வர் நகரில் போலீசுக்குப் பதிலாகப் போக 2020-ல் தொடங்கிய 'ஸ்டார்' குழு முதல் ஆறு மாதத்தில் 748 அழைப்புகளுக்குப் போனது. ஒரு கைதுகூட இல்லை. அந்தக் குழு இயங்கிய பகுதிகளில் சிறு குற்றப் புகார்கள் 34 சதவீதம் குறைந்ததாக 2022-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

கணக்கு கேட்பவன்:
அந்த ஆறு மாதமும் ஸ்டார் ஓடியது வார நாட்களில், காலை 10 முதல் மாலை 6 வரை. தம்பிக்காக அவர்களே, உங்கள் வீட்டில் பிரச்சினை எப்போது வரும்?

தம்பிக்காக:
ராத்திரியில்தான். அவன் தூக்கம் கெட்டால்தான் எல்லாம் ஆரம்பிக்கும்.

மீண்டு வந்தவன்:
நான் இதில் நோயாளியாக இருந்தவன். சீருடையை எடுத்துவிட்டு வெள்ளைக் கோட்டை அனுப்பினால் போதும் என்று பேசுவது எனக்கு உடன்பாடில்லை. கையைக் காலைப் பிடித்து ஊசி போட்டு அள்ளிப்போனவர்கள் ஆஸ்பத்திரி ஆட்கள்தான். யாரும் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பின்லாந்தின் டோர்னியோ பகுதியில் 1980-களில் உருவான 'திறந்த உரையாடல்' முறையில், அழைப்பு வந்து 24 மணி நேரத்துக்குள் குழு சந்திக்கிறது. நோயாளி, குடும்பம், அவர் நம்பும் நண்பர் எல்லாரும் ஒன்றாக உட்காருகிறார்கள். அவர் இல்லாமல் அவரைப் பற்றி முடிவெடுப்பதில்லை. கடைசிவரை அதே குழு. மாற்று என்று எதைச் சொன்னாலும் இதிலிருந்து தொடங்குங்கள். நன்றாக இருக்கும்போதே அவர் எழுதிக் கொடுத்த ஒரு தாள் வீட்டில் இருக்கட்டும்: யாரைக் கூப்பிட வேண்டும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யார் தொடக் கூடாது.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ.:
தாள் நல்ல யோசனை. ஆயுதம் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் உங்கள் குழுவே போகட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் அதை உறுதி செய்வது யார்? கண்ட்ரோல் ரூமில் போன் எடுப்பவர். அவர் "கலாட்டா" என்று எழுதினால் எங்கள் வண்டி கிளம்பும். முதலில் அந்த நாற்காலி பக்கத்தில் இரவு பகலாக ஒரு மனநலப் பணியாளரை உட்கார வையுங்கள். கத்தி இருக்கிறது என்றால் எங்கள் ஆட்கள் தெருமுனையில், கண்ணில் படாமல் நிற்கட்டும். வரவே வேண்டாம் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மீண்டு வந்தவன்:
தெருமுனையில் நிற்பவர்களை உள்ளே கூப்பிடும் முடிவு யார் கையில்? வாசலில் பேசிக்கொண்டிருப்பவர் கையில் என்றால் சரி. உங்கள் அதிகாரி கையில் என்றால் நான் சம்மதிக்க மாட்டேன்.