வில்பட்டி வீட்டுக் குழு: பிளம்ஸ் மரத்தில் பிசின்

நான் (காலை 7:10): [படம்] பெரியப்பா, கொட்டகை ஓரத்துப் பிளம்ஸ் மரம். அடிமரத்தில் தேன் உறைந்த மாதிரி பிசின். நேற்று இரண்டு இடம், இன்று நாலு.

மதுரை அண்ணன்: வேப்பெண்ணெய் அடி.

பெரியப்பா: பொறுடா. பிசின் வெறும் அறிகுறி. அதற்குள் மரத்தூள் இருக்கிறதா?

நான்: இல்லை. கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது.

பெரியப்பா: அப்படியென்றால் பெரும்பாலும் துளைப்பான் புழு இல்லை. புழு என்றால் தூளும் எச்சமும் கலந்து வரும். பட்டையைக் கீறிப் பார்.

நான் (7:31): உள்ளே பழுப்பு. புளித்த வாடை.

சித்தி: ஐயோ, போன மே மாதம் அந்த மரத்துப் பழத்தில்தானே ஜாம் போட்டேன்!

பெரியப்பா: பட்டை அழுகல். பாக்டீரியாவா பூஞ்சையா என்று கண்ணால் சொல்ல முடியாது. எப்போது கிளை வெட்டிக் கவாத்து செய்தாய்?

நான்: டிசம்பரில். தூறல்தான், ஆனால் ஆள் அன்றைக்குத்தான் கிடைத்தார்.

பெரியப்பா: ஈர வெட்டில்தான் அது உள்ளே நுழையும். படத்தில் மரத்தடியில் என்ன கருப்பாக?

நான்: சாணி எரு...

பெரியப்பா: அடிமரத்தை ஒட்டியா! முதலில் ஒரு முழம் தள்ளிப் போடு. தண்ணீர் தேங்கினால் வடித்துவிடு. வெயில் நாளாகப் பார்த்து, நல்ல பட்டை தெரியும்வரை அழுகலைச் செதுக்கி எடு, துண்டுகளை எரித்துவிடு. அப்புறம் செதுக்கிய இடத்தில் போர்டோ பசை தடவு, அது நோய்க்கிருமியைத் தடுக்கும் செம்பு மருந்து. 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு, ஒரு லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து, துத்தத்தைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்று.

சித்தி: என் பித்தளை அண்டாவைத் தொடாதே.

பெரியப்பா: பிளாஸ்டிக் வாளிதான். கலந்ததும் பழைய இரும்புக் கத்தியை முக்கிப் பார். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை.

மதுரை அண்ணன்: 1885-ல் பிரான்சில் திராட்சைக் கொடிக்காக வந்த மருந்தாமே!

பெரியப்பா: எங்கள் அப்பா உருளைக்கிழங்குக்கு அடிப்பார். பிரான்ஸ் எல்லாம் அவருக்குத் தெரியாது.

நான்: மரம் பிழைக்குமா?

பெரியப்பா: அழுகல் சுற்றிவளைத்துவிட்டால் போச்சு. எவ்வளவு தூரம் போயிருக்கிறது? நூல் வைத்து அள.

நான் (8:05): கால் சுற்று.

பெரியப்பா: சரி, செய். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடை. துடைக்காமல் பக்கத்துப் பீச் மரத்துக்குப் போகாதே.

சித்தி: ஜாம் இரண்டு பாட்டில் மீதம் இருக்கிறது. யாருக்கு?

மதுரை அண்ணன்: எனக்கு ஒன்று.