பழைய ஓவனில் கீழ் எலிமெண்ட் சூடாகவில்லை, மாற்றித்தான் ஆகவேண்டுமா?

கேள்வி:
பதினைந்து வருடப் பழைய ஓவன். ஒரு வருடமாக மூட்டைகட்டி வைத்திருந்ததைப் போன வாரம் எடுத்தேன். மேல் எலிமெண்ட் செக்கச்செவேலென்று பழுக்கிறது, கீழே இருப்பது அசையவே இல்லை. 230 வோல்ட், 1200 வாட் என்று தகட்டில் இருக்கிறது. இதே அளவில் எலிமெண்ட் கிடைப்பது குதிரைக்கொம்பு. மாற்றாமல் வழி உண்டா?

பதில் 1:
எலிமெண்ட் செத்துவிட்டது என்று யார் சொன்னது? பிளக்கைப் பிடுங்கி, ஆறியபின் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். எலிமெண்டிலிருந்து ஒரு ஒயரை உருவிவிட்டு, இரு முனைக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) பாருங்கள். மேலும் கீழும் ஆளுக்கு 600 வாட் என்றால், 230-ஐ 230-ஆல் பெருக்கி 600-ஆல் வகுக்க 88 வரும். அதை ஒட்டிக் காட்டினால் குழாய்க்குள்ளே சூடேறும் நிக்ரோம் கம்பி நன்றாகத்தான் இருக்கிறது.

கேட்டவர்:
86! ஆனால் உருவும்போதே ஒயர் கையோடு வந்துவிட்டது. லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனை) கருகி, ஒயரின் உறை பொடிப்பொடியாக உதிர்கிறது. ஈயம் வைத்துப் பற்றிவிடவா?

பதில் 1:
வேண்டாம். சாதாரண ஈயப்பற்று 190 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். எலிமெண்ட் முனையை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, வெப்பம் தாங்கும் சிலிக்கோன் உறை ஒயரில் நிக்கல் பூசிய லக்கை இறுக்கிக் கிரிம்ப் செய்யுங்கள் (கருவியால் நசுக்கிப் பிடிக்க வைப்பது). லூசாக இருந்ததால்தான் பழையது கருகியது.

கேட்டவர்:
சூடாகிறது! ஆனால் ஐந்து நிமிடத்தில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது.

பதில் 2:
எர்த் ஒயரைக் கழற்றிவிடுங்கள். விழாது.

பதில் 1:
ஐயோ, அதைச் செய்யாதீர்கள். கசிகிற மின்சாரம் அப்புறம் உங்கள் கைவழியாகத்தான் போகும். பிளக்கைப் பிடுங்கி, எலிமெண்டின் ஒயர் இரண்டையும் எடுத்துவிட்டு, முனைக்கும் வெளிக்குழாய்க்கும் இடையே பாருங்கள்.

கேட்டவர்:
9 கிலோ ஓம்.

பதில் 1:
அப்படியென்றால் 25 மில்லிஆம்பியர் வரை கசியலாம். 30 மில்லிஆம்பியருக்கான ஆர்.சி.சி.பி. 15-ஐத் தாண்டினாலே விழலாம். கம்பியைச் சுற்றியிருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடி, சும்மா கிடந்த காலத்தில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். கீழ் எலிமெண்டை முழுதாகக் கழற்றி, அதன் ஒயர் முனைகளுக்குத் தனித்தனியாக உறை போட்டு, தகட்டை மூடிவிடுங்கள். எலிமெண்டை அதே ஓவனின் கம்பித்தட்டில் வைத்து, மேல் எலிமெண்டை மட்டும் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓடவிடுங்கள்.

கேட்டவர்:
இரண்டு மணி போதவில்லை, நான்கு ஆயிற்று. இப்போது மீட்டரின் கடைசி ரேஞ்சிலும் எதுவும் காட்டவில்லை, தடை அவ்வளவு ஏறிவிட்டது. மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டினேன், விழவில்லை. கதவு ஸ்பிரிங் வேறு லொடலொடக்கிறது, அதை அப்புறம் கேட்கிறேன்.